பின்கால் இல்லாத நாற்காலி

நாற்காலி என்ற சொல்லிலேயே நான்கு கால் இருக்கிறது. ஆனால் 1926-இல் டச்சுக் கட்டடக் கலைஞர் மார்ட் ஸ்டாம், எரிவாயுக் குழாய்களை முழங்கை இணைப்புகளால் கோத்து, பின்கால் இல்லாமலே ஒரு நாற்காலி செய்தார். அது விறைப்பாகவே இருந்தது. மறு ஆண்டு ஸ்டுட்கார்ட் கண்காட்சியில் ஜெர்மன் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ வைத்த எஃகு நாற்காலியோ, உட்கார்ந்ததும் மெல்லத் தாழ்ந்து கொடுத்தது. இரண்டுமே உலோகக் குழாய்தான். ஆனால் மீஸ் முன்கால்களை அரைவட்டமாக வளைத்திருந்தார். மூலையில் முட்டி நிற்காமல், எடை அந்த வளைவு நெடுகப் பரவுகிறது. எனவே நெகிழ்வைத் தருவது உலோகம் மட்டுமல்ல, வடிவமும்தான்.

தினமும் வளைந்தால் ஒடிந்துவிடாதா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. மீள்தன்மை எல்லைக்குள் வளையும் எஃகு, நாம் எழுந்ததும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். அந்த எல்லைக்கு வெகு கீழே நிற்கும்படி குழாயின் விட்டத்தையும் தடிமனையும் தேர்ந்தெடுப்பதுதான் நல்ல வடிவமைப்பாளரின் வேலை.