நீரின்மேல் எழுந்த புகை

கிற்றாரைக் கையில் எடுத்த இளைஞன் ஒருவன், தன் மனத்துக்கினிய பாட்டொன்றை அன்றே வாசித்துவிட வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பு. சுரவரிசைகளில் அவன் மனம் செல்வதில்லை. இவ்வாசை குற்றமன்று, அதனை நிறைவேற்றும் வழி யாது என்பதே வினா. றொக் இசை பயில்வோர் பலர் முதன்முதலில் நாடும் பாட்டொன்றைக் கொண்டு இதனை ஆராயலாம்.

1971 ஆம் ஆண்டு டிசம்பர் 4 ஆம் திகதி, சுவிற்சர்லாந்திலே ஜெனீவா ஏரிக்கரையில் அமைந்த மொன்த்ரூ நகரின் கசினோ மண்டபத்தில், பிராங்க் சாப்பா குழுவினரின் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. கூட்டத்திலிருந்த ஒருவன் சுட்ட ஒளிவெடி கூரையிற் பற்றிக்கொள்ள, மண்டபம் எரிந்து அழிந்தது. நல்லூழாக உயிர்ச்சேதம் நேரவில்லை. அங்கேயே தமது இசைத்தட்டைப் பதிவுசெய்ய வந்திருந்த 'டீப் பேர்ப்பிள்' என்னும் ஆங்கிலக் குழுவினர், ஏரியின்மீது புகை பரவக் கண்டனர். தொழில் செய்ய வந்த இடம் கண்முன்னே அழிந்தும் அவர்கள் ஊர் திரும்பவில்லை. வேறோர் அரங்கிற் பதிவு செய்தனர். ஓசை பொறாத அயலவர் முறையிடப் பொலிசார் வந்தனர். பின்னர், குளிர்காலத்துக்கென மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலில் வேலை தொடர்ந்தது. இந்த அனுபவமே 'சுமோக் ஒன் த வோட்டர்' என்னும் பாட்டாகி, 1972 இல் வெளிவந்த இசைத்தட்டில் இடம்பெற்றது.

அப்பாட்டின் தொடக்கத்தில் றிச்சி பிளாக்மோர் வாசிக்கும் சிறு தொடரே அதன் உயிர். அதில் வருவன நான்கே சுரங்கள். நமது இசைமுறையிற் கூறின், அவை சட்சம், சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், பிரதி மத்தியமம் என்பனவாம். வீணைக்கு மெட்டுகள் இருப்பது போலக் கிற்றாருக்கும் உண்டு. மூன்றாம் நான்காம் தந்திகளை ஒருங்கே மீட்டல் வேண்டும். முதலில் திறந்த தந்திகள், அடுத்து மூன்றாம் மெட்டு, அதன்பின் ஐந்தாம் மெட்டு. மீண்டும் திறந்த தந்திகள், மூன்று, ஆறு, ஐந்து. இறுதியாகத் திறந்த தந்திகள், மூன்று, ஐந்து, மூன்று, திறந்த தந்திகள். தொடர் இவ்வளவே.

ஆனால் இதனைக் கற்றவர் பலர் இரண்டிடங்களில் இடறுகின்றனர். ஒன்று, வலக்கை. பிளாக்மோர் மீட்டுவில்லையால் தட்டாது, இரு தந்திகளையும் விரல்களாற் பற்றி இழுக்கிறார். ஆதலால் இரு ஒலிகளும் ஒரே கணத்திற் பிறக்கின்றன. மற்றையது தாளம். முதல் மூன்று ஒலிகளும் எண்ணிக்கையோடு பொருந்தி விழும். அடுத்த பகுதியோ எண்ணிக்கைகளுக்கிடையே தொடங்கும். இடையில் வரும் மௌனத்தை விழுங்கிவிட்டால், சுரங்கள் சரியாயினும் பாட்டு உயிரிழக்கும். எனவே, கருவியைத் தொடுமுன் கையாற் தாளம் போட்டு வாயாற் பாடிப் பார்த்தல் நன்று. பின்பு மிக மெதுவாக வாசித்து, பிழையின்றி வந்தபின்னரே வேகத்தைக் கூட்டுதல் வேண்டும்.

உருக்குத் தந்தி அழுத்தித் தொடக்கத்தில் விரல்நுனி நோகும். நாளடைவில் அவ்விடத்துத் தோல் தடித்து நோவு தணியும். அதைவிடப் பெரிய இடர் வேறொன்று. தொடக்கத் தொடர் கைவந்ததும் பாட்டே வந்துவிட்டதென எண்ணி, அவ்வளவில் நின்றுவிடுவோர் பலர். மேளமும் ஓர்கனும் சேர்ந்து குரல் எழும்போது அடக்கமாகத் துணைநின்று வாசிப்பதிலேதான் கிற்றார்க் கலைஞனின் பொறுமை சோதிக்கப்படுகிறது. அதுவரை செல்பவனே அப்பாட்டைக் கற்றவனாவான். அடுத்த பாட்டுக்கு வழியும் அவன் செவிக்குத் தானே புலப்படும்.