வலியவன் விருப்பமா, வணிகச் சட்டமா?

(கமக்காரரும் தொழில்வாணரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



உலக வர்த்தகச் சட்டம் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்துள்ளீர்கள். ஜெனீவாவில் எழுதப்பட்ட சட்டத்துக்கும் செம்மண் தோட்டத்திலே வெங்காயம் நடுபவனுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு. விளைபொருளுக்கு விலை கூறுபவன் சந்தை வியாபாரி மட்டுமல்லன். துறைமுகத்தில் விதிக்கப்படும் தீர்வையும் விலை கூறுகின்றது.

இச்சட்டம் பிறந்த வரலாற்றை முதலிற் காண்போம். 1930ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா 'சிமூட்-ஹோலி' சட்டத்தினால் இறக்குமதித் தீர்வைகளைப் பெரிதும் உயர்த்தியது. வேண்டாமென ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருளியலறிஞர் விண்ணப்பித்தும் சனாதிபதி ஹூவர் கையொப்பமிட்டார். பிற நாடுகள் பதிலுக்குத் தீர்வை விதித்தன. பிரித்தானியா 1932இல் ஒட்டாவா மாநாட்டிலே தன் பேரரசைச் சுற்றி வேலியிட்டது. அயலவன் வேலியை உயர்த்தினால் யாமும் உயர்த்துவோம் என்ற இப்போட்டியும் பொருளாதார மந்தமும் சேர்ந்து, 1929க்கும் 1934க்கும் இடையில் உலக வர்த்தகத்தின் பெறுமதியை ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு வீழ்த்தின. வர்த்தகப் பகையே போர்ப்பகைக்கு எரு என அமெரிக்க இராசாங்க அமைச்சர் கோடெல் ஹல் கருதினார்.

எனவே, 1947 அக்டோபர் 30ஆம் நாள் 23 நாடுகள் ஜெனீவாவிலே 'தீர்வைகள், வர்த்தகம் பற்றிய பொது உடன்படிக்கை'யை ஏற்படுத்தின. அன்று சுதந்திரம் பெற்றிராத இலங்கையும் அவற்றுள் ஒன்று. 1948 மார்ச்சில் ஹவானா நகரில் 53 நாடுகள் கையொப்பமிட்ட பெரும் பட்டயமோ அமெரிக்கக் காங்கிரசின் ஆதரவின்றி 1950இல் கைவிடப்பட்டது. மாளிகை எழவில்லை, தற்காலிகக் கொட்டிலிலேயே உலக வர்த்தகம் 47 ஆண்டுகள் குடியிருந்தது. 1995 ஜனவரி 1ஆம் நாள் உலக வர்த்தக நிறுவனம் தோன்றியது.

இச்சட்டத்தின் நோக்கங்கள் யாவை? ஒரு நாட்டுக்கு அளிக்கும் சலுகையை ஏனைய உறுப்பு நாடுகளுக்கும் அளித்தல் வேண்டும். தீர்வை செலுத்தி உள்ளே வந்த பொருளைச் சுதேசப் பொருளினும் தாழ்வாக நடத்தலாகாது. வாக்களித்த வரம்புக்கு மேல் தீர்வை ஏற்றலாகாது. பிணக்கு எழுந்தால் வழக்காடித் தீர்த்தல் வேண்டும். இவற்றுக்கு விதிவிலக்குகள் உண்டு. எனினும் அடிப்படை இதுவே. இதன் பயனாகச் சிறிய கொஸ்தாரிக்கா, தன் உள்ளாடை ஏற்றுமதிக்கு அமெரிக்கா விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்து 1997இல் வென்றது.

குறைகளையும் மறைக்கமாட்டோம். 1955இல் அமெரிக்கா தன் கமத்தொழிலுக்கு விசேட விலக்குப் பெற்றது. செல்வ நாடுகள் தம் கமக்காரருக்கு மானியத்தை வாரி வழங்கின. ஏழை நாட்டுக் கமக்காரன் அந்த மானியத்தோடு போட்டியிட்டான்.

ஆயினும் எல்லாப் பழியையும் ஜெனீவாவின்மேற் சுமத்துதல் நேர்மையன்று. 1970ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் யாழ்ப்பாணத்து மிளகாயும் வெங்காயமும் நல்விலை பெற்றன. 1977இல் கதவு திறக்கப்பட்டதும் அவ்விலை சரிந்தது. பொது உடன்படிக்கையின் 18ஆம் பிரிவு, அந்நியச் செலாவணி நெருக்கடியுற்ற வளரும் நாடு இறக்குமதியைக் கட்டுப்படுத்த இடமளித்திருந்தது. கதவைத் திறக்கும் முடிவு கொழும்பிலே எடுக்கப்பட்டது.

இன்றைய ஆபத்து யாது? 2019 டிசம்பரில், அமெரிக்கா புதிய நியமனங்களைத் தடுத்தமையால், உலக வர்த்தக நிறுவனத்தின் மேன்முறையீட்டு மன்றம் செயலிழந்தது. 2025 ஏப்ரல் 2ஆம் நாள் அமெரிக்கா இலங்கைப் பொருள்களுக்கு 44 வீதத் தீர்வையை அறிவித்தது. ஆகஸ்டில் அது 20 வீதமாயிற்று. அக்குறைப்பு வழக்காடிப் பெற்ற தீர்ப்பன்று. இரந்து பெற்ற சலுகை. சலுகை தந்தவன் அதனை மீளப் பறிக்கவும் வல்லவன்.

அன்பர்களே! வலியவனுக்குச் சட்டம் ஒரு வசதி; எளியவனுக்கு அதுவே அரண். ஆதலின் இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கின்றோம். வர்த்தக உடன்படிக்கை ஒவ்வொன்றும் கையொப்பமிடுமுன் தமிழிலும் வெளியிடப்படல் வேண்டும். கமக்காரர் சங்கங்களின் கருத்துக் கேட்கப்படல் வேண்டும். சட்டம் கற்றோர் அவ்வுடன்படிக்கைகளைக் கிராமந்தோறும் விளக்கிச் சொல்ல முன்வருக! தம் விளைச்சலின் விலையைத் தீர்மானிக்கும் சட்டம் எதுவென்று அறிந்த மக்களை எவரும் எளிதில் ஏய்த்துவிட முடியாது.