இடம் கிடைத்தால் மட்டும் போதுமா?



வைத்தியக் கலாசாலையில் நம் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்துவிட்டது, இனி என்ன குறை என்று பலர் நினைக்கின்றார்கள். சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு வைத்தியப் படிப்பில் நூற்றுக்கு 7.5 இடம் என்று 2020-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அவர்களுடைய சம்பளத்தையும் விடுதிச் செலவையும் சர்க்காரே ஏற்றுக்கொண்டது. நல்ல காரியந்தான். ஆனால் வாசலைத் திறந்துவிட்டவர்கள், உள்ளே போன பிள்ளையை யாராவது பக்கத்தில் உட்கார வைக்கின்றார்களா என்று பார்க்க வேண்டாமா?

கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை பன்னிரண்டு வகுப்பும் தமிழில் படித்துவிட்டுப் போகின்றது. அங்கே பாடம் இங்கிலீஷில். எலும்புக்கும் நரம்புக்கும் பெயர் லத்தீனில். 2019-ல் வந்த புதுப் பாடத்திட்டத்தில் பாஷை முதலியவைகளைப் பழக்க ஆரம்பத்தில் ஒரு மாதம் வைத்தார்கள். ஒரு மாதத்தில் பாஷை வந்துவிடுமா? சந்தேகம் கேட்டால் சிரிப்பார்களென்று பிள்ளை வாயை மூடிக்கொள்ளுகின்றது. பரீட்சையில் தவறினால், "கோட்டாவில் வந்ததுதானே, திறமை எங்கே?" என்கின்றார்கள்.

திறமையைப் பற்றியே பேசுவோம். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் படிப்பதென்று தகப்பனார் சொல்லுகிறார். பரீட்சையில் என்ன கேட்பார்களென்று மாமன் சொல்லுகிறார். அண்ணன் தன் குறிப்புகளைக் கொடுக்கிறார். இந்த உதவி பிறப்பினால் கிடைத்தால் திறமை, ஏற்பாட்டினால் கிடைத்தால் பிச்சையா என்று கேட்கின்றோம்.

இது நம் கற்பனையல்ல. டில்லி அகில இந்திய வைத்தியக் கழகத்தைப் பற்றி விசாரிக்க 2006-ல் மத்திய சர்க்கார் தோராட் கமிட்டியை நியமித்தது. ஆசிரியர்களின் ஆதரவு போதவில்லை என்றும், விடுதியிலும் சாப்பாட்டிலும் விளையாட்டிலும் ஒதுக்கப்பட்டோம் என்றும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணாக்கர்கள் சொன்னதை 2007-ல் அக்கமிட்டி எழுதிவைத்தது. நாட்டின் முதல்தரமான கலாசாலையின் யோக்கியதையே இதுவானால், மற்றவைகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

ஆகையால் நாம் வேண்டுவதெல்லாம் இதுதான். முதல் வருஷத்து மாணாக்கர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசிரியரும், மேல் வகுப்பில் படிக்கும் ஒருவரும் துணையாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் துணை வைக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்தால் அதுவே ஒரு முத்திரையாகிவிடும். வாரம் ஒரு முறையாவது சந்திக்க வேண்டும். பரீட்சையில் தவறிய பின்பு விசாரிப்பதில் பிரயோஜனமில்லை. துணையாக வருபவர் ஜாதியையும் மார்க்கையும் கேட்கக் கூடாது. மாணாக்கர் சொன்ன கஷ்டத்தை வெளியில் சொல்லவும் கூடாது. அவரே அதே வழியில் வந்தவராயிருந்தால் இன்னும் நலம். "எனக்கும் முதல் வருஷம் ஒன்றும் புரியவில்லை" என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தை, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பும் பிள்ளையை நிறுத்திவிடும்.

நம்மவரில் டாக்டரானவர்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றார்கள். நீங்கள் ஏறிவந்த ஏணியை எடுத்துவிடாமலிருந்தால் போதாது. கீழே நிற்பவருக்குக் கையும் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகின்றோம்.