நோயாளியின் கட்டிலும் செய்திக் கடையும்

(மாகறல் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம், பதவியிலில்லாத ஒரு பெரிய தலைவர் நோயாய்ப் படுத்துவிட்டால் பத்திரிகைக்காரர்களும் தொலைக்காட்சிக்காரர்களும் அடிக்கிற கூத்தைப் பற்றியதாகும். தலைவர்களிடம் மக்களுக்கு அன்பு இருப்பதை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. அந்த அன்பை வைத்து வியாபாரம் செய்கிறவர்கள் யார், அதன் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதையே கேட்கிறோம்.

2018-ஆம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். ஐந்து முறை முதலமைச்சராயிருந்த கலைஞர் கருணாநிதி அவர்கள் அப்போது 94 வயது முதியவர். தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தப்பட்டு, பேச்சு ஓய்ந்து வீட்டோடு இருந்தவர். ஜூலை 28 அதிகாலையில் சென்னை காவேரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, ஆகஸ்டு 7 மாலை காலமானார். இந்த 11 நாளும் மருத்துவமனை வாசலே தமிழ்நாடு என்று ஆகிவிட்டது. ஒரு கார் உள்ளே போனால் ஒரு செய்தி. அதே கார் வெளியே வந்தால் மற்றொரு செய்தி! வைத்தியர்கள் வெளியிட்டதோ அவ்வப்போது சில வரி அறிக்கை. அந்தச் சில வரியைக் கொண்டு இராப்பகல் 24 மணி நேரத்தை எப்படி நிரப்புவது? ஊகத்தைக் கொண்டுதான் நிரப்ப வேண்டும். பட்டு போதாதபோது வேறு நூலைக் கலந்து, பட்டென்று சொல்லி விற்பவனை நம் காஞ்சிபுரத்துத் தறிக்காரர்கள் என்ன பேர் சொல்லி அழைப்பார்களோ, அந்தப் பேருக்கு இவர்களும் முழு யோக்கியதை உடையவர்களே யாவார்கள்.

அந்த ஜூலை 23-ந் தேதிதான் மேட்டூர் அணை 120 அடி நிரம்பியது. அந்தத் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க எத்தனை காமெராக்கள் போயின? யோசித்துப் பாருங்கள்.

ஊகம் விளைவிக்கும் கேடு கொஞ்சமல்ல. 1979 மார்ச்சு 22-ல் ஜெயப்பிரகாஷ் நாராயண் அவர்கள் பம்பாய் மருத்துவமனையில் உயிரோடிருக்கும்போதே, அவர் இறந்துவிட்டதாகப் பிரதம மந்திரியே லோக்சபையில் அறிவித்தார். நாராயண் அவர்கள் இறந்ததோ அக்டோபர் 8-ல். 2016 டிசம்பர் 5 மாலையில் ஜெயலலிதா அம்மையார் இறந்துவிட்டதாகத் தொலைக்காட்சிகள் சொல்ல, கட்சித் தலைமை நிலையக் கொடி கீழே இறங்கிற்று. மருத்துவமனை மறுக்கவே மேலே ஏறிற்று. நடுநிசிக்குமேல் மறுபடி துக்கம்.

இதைவிடக் கொடுமை 1936-ல் இங்கிலாந்தில் நடந்தது. சாகக் கிடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு அவருடைய வைத்தியர் டாசன் பிரபுவே ஊசி மருந்து செலுத்திச் சாவைத் துரிதப்படுத்தினார். அதற்கு அவர் எழுதி வைத்த காரணங்களில் ஒன்று, செய்தி மாலைப் பத்திரிகைகளில் வராமல் மதிப்புள்ள காலைப் பத்திரிகையில் முதலில் வரவேண்டும் என்பது! இது 50 வருஷம் கழித்து 1986-ல்தான் வெளிவந்தது. மனிதனுடைய கடைசி மூச்சுக்கும் அச்சு யந்திரத்தைக் கேட்டு நேரம் குறித்தார்கள் என்றால், இதற்கு மேலும் நாம் சொல்ல என்ன இருக்கிறது?

நஷ்டம் யாருக்கு? கலைஞர் மறைவையொட்டி 248 பேர் மாண்டதாக அவருடைய கட்சியே கணக்குச் சொல்லி, குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் அறிவித்தது. 1984-ல் எம்.ஜி.ஆர். நோயுற்றபோது தீக்குளித்தவர்களும் உண்டு. இரவெல்லாம் பதைபதைக்கச் செய்த நிலையங்களில் ஒன்றாவது, சம்பாதித்துப் போட்ட ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போய் அடுப்பு எரிகிறதா என்று பார்த்ததா?

“தலைவர் பொதுமக்கள் சொத்தல்லவா? அவர் நிலையை மக்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதவியிலிருப்பவர் விஷயத்தில் கட்டாயம் தெரியவேண்டும். 2016-ல் ஜெயலலிதா அம்மையார் 75 நாள் மருத்துவமனையில் இருந்தபோது அவர் நடப்பு முதலமைச்சர். இடைத்தேர்தல் பத்திரத்தில் கையெழுத்துக்குப் பதில் கைரேகை விழுந்தது. உத்தரவு போடும் நிலையில் இருக்கிறாரா என்று அறிய மக்களுக்கு முழு உரிமை உண்டு. அங்கே மறைத்தார்கள், பிறகு 2017-ல் விசாரணைக் கமிஷன் வைத்து, 2022-ல் அறிக்கை வந்தது. ஆனால் பதவி விட்டு ஓய்ந்த முதியவரின் நோய், அவருக்கும் வைத்தியருக்கும் குடும்பத்தாருக்கும் உரியது. நோயாளியின் இரகசியத்தைக் காக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் வருஷ விதிகளே சொல்லுகின்றன. ஏழைக்கு அந்த மானம் எவ்வளவோ, தலைவருக்கும் அவ்வளவுதான்.

நோயைப் பற்றிப் பேசவே கூடாதென்பதும் நம் கருத்தல்ல. நம் காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா அவர்கள் 1969-ல் புற்றுநோயால் மாண்டார். இன்று காரப்பேட்டையில் அவர் பேரால் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அந்த நோய் எப்படி வருகிறது, முதலிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்று பத்து நாள் சொல்லியிருந்தால் எத்தனையோ உயிர் பிழைக்கும். அதை விட்டு, தலைவர் பெரிய வைத்தியரிடம் இருக்க, தொண்டன் பால்குடம் எடுப்பதையும் மண்சோறு தின்பதையும் படம் பிடித்துக் காட்டினால் யாருக்கு லாபம்? இந்த ஊர்க் கோயிலுக்கும் நோய் தீரும் என்று நம்பி வருகிறவர்கள் உண்டு. பூசாரிக்கு நோய் வந்தால் எங்கே போகிறார் என்று மட்டும் கவனியுங்கள்.

ஆகவே தோழர்களே! குழித்தறியில் உட்கார்ந்து முழங்காலும் முதுகும் போன நெசவாளிக்கு என்ன வைத்தியம் கிடைக்கிறது, அவசரத்துக்கு மருத்துவமனை எத்தனை மைல் என்று கேட்கப் பழகுங்கள். ஒரு தலைவர் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் வைத்தியர் அறிக்கையை ஒருமுறை படித்துவிட்டு, பெட்டியை அணைத்து, வேலையைப் பாருங்கள். வாங்குவோர் இல்லாத சரக்கை எந்தக் கடைக்காரனும் வைத்திருக்க மாட்டான்.

நாம் சொன்னோம் என்பதற்காக இதை ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் அறிவைக் கொண்டு ஆராய்ந்து பார்த்து, சரியென்று பட்டால் மட்டும் கொள்ளுங்கள். இல்லையேல் தள்ளிவிடுங்கள் என்று கேட்டுக் கொண்டு முடித்துக் கொள்கிறோம்.