பிடியரிசிக் கலயம்
(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



"கொடுப்பதில் உள்ள மகிழ்ச்சி" என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவனைவிட அதிகம் வாங்கியவன் நான். ஆகவே வாங்கியவன் பக்கமிருந்தே பேசுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்து வேதக்கோவில் ஊர்களில் பிறந்தவர்களுக்குப் பிடியரிசிக் கலயம் தெரிந்திருக்கும். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். சேர்ந்ததைக் கோவிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதை விற்று ஊழியத்துக்கும் ஏழைகளுக்கும் செலவிடுவார்கள். மிசோராம் சபைகளிலும் 1910 முதல் இதே பழக்கம் உண்டு.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். வீட்டில் ஒருவேளைதான் சோறு. அப்போதும் அம்மா கலயத்தில் அரிசி போட்டார்கள். எனக்கு வந்ததே கோபம்! "நமக்கே இல்ல, கோவிலுக்கு எதுக்கும்மா?" என்று கத்தினேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எலே, குடுக்க ஒண்ணுமில்லன்னு ஆனாத்தான் நாம ஏழை. இன்னும் ஒரு பிடி இருக்குல்லா" என்றார்கள். பிடிதான் சின்னதாகியிருந்தது, கை நிற்கவில்லை.

மக்கெதோனியா நாட்டுச் சபைகளைப் பற்றிப் பவுல் அப்போஸ்தலர் இதையேதான் எழுதுகிறார். அவர்கள் கொடிய வறுமையில் இருந்தவர்கள். எருசலேமின் ஏழைகளுக்குக் கொடுக்க எங்களுக்கும் இடம் தாருங்கள் என்று அவர்களே வருந்திக் கேட்டார்களாம்! கொடுப்பவனுடைய மனநிலைக்குப் பவுல் இட்ட கிரேக்கச் சொல் 'ஹிலரோஸ்'. நம் வேதாகமம் அதை உற்சாகம் என்கிறது. முகம் மலர்ந்து கொடுப்பது என்று பொருள்.

1903இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். நம்முடைய பணம், நம்முடைய ஆட்கள் என்பதுதான் அவர்கள் கொள்கை. நிஜாம் ஆண்ட சீமையிலிருந்த தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். சங்கம் தொடங்க முன்நின்ற வி.எஸ். அசரியா 1912இல் அங்கேயே பேராயரானார். கூலி வேலை செய்த ஏழைச் சபையாரிடமும் கொடுக்கும் பழக்கத்தை வளர்த்தவர் அவர். வாங்கிக்கொண்டே இருப்பவன் நிமிரமாட்டான், கொடுக்கும்போதுதான் நிமிருகிறான்.

1971இல் புகுமுக வகுப்பில் எனக்கு இடம் கிடைத்தது. கட்டணத்துக்கு எழுபத்தைந்து ரூபாய் குறைந்தது. எங்கள் சேகரத்து ஐயர் இரவில் வீட்டுக்கு வந்து ஒரு கவரைக் கொடுத்தார். "ஏழை நிதியில் உள்ளது, யாரிடமும் சொல்லவேண்டாம்" என்றார். அந்த நிதியில் எங்கள் கலயத்து அரிசியும் இருந்தது என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

இனி ஒரு உண்மையைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். வேலைக்குப் போனதும் கோவிலுக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தேன். மூன்று இறக்கையிலும் என் பெயர்! ஞாயிறுதோறும் என் கண் பிரசங்கத்தில் இல்லை, விசிறியில்தான். அதிலும் ஒரு சிக்கல்: விசிறி சுற்றினால் பெயர் தெரியாது, பெயர் தெரியவேண்டுமானால் விசிறி நிற்கவேண்டும். கொடுத்தேன், ஆனால் அம்மா முகத்தில் கண்ட அந்த மலர்ச்சி எனக்குக் கிடைக்கவில்லை.

நண்பர்களே, நம் சங்கத்தின் உதவிநிதிக்கு நன்கொடை தருவோர் பெயரைக் கல்லில் பொறிக்கலாமா என்று காலையில் பேசினோம். என் பங்கைப் பெயரில்லாமல் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். இதை மேடையில் சொல்வதே பெயர் போட்டது போலத்தான், மன்னியுங்கள்! ஆனால் கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளை இந்த அரங்கில் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. கல்லில் உள்ள பெயர்களைத் தலைகுனிந்து வாசிக்கும் நிலை அதற்கு வேண்டாம்.

மாணவச் செல்வங்களே, சம்பாதித்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். எந்த மதத்தவராயினும் சரி, இன்றைக்கே ஒரு கலயம் வையுங்கள். பிடி சின்னதாக இருக்கட்டும், கை பழகட்டும்.