முற்றத்து மல்லிகை

(இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விழா மேடையிலே பள்ளிக்கூடப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசினாலும் அந்தப் பேச்சு அந்தரத்தில் நிற்பதாகும். ஆகவே, ஐந்து வயது நிறைந்த பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்ற கேள்வியையே இன்றைய பொருளாக எடுத்துக் கொண்டோம். சிறிய கேள்விபோலத் தோன்றினும், ஒரு பிள்ளையின் வாழ்வும் ஓர் ஊரின் வாழ்வும் அதில் அடங்கியிருக்கின்றன.

முதலாந் தரத்துக்கு விண்ணப்பம் கோரும் காலம் வந்துவிட்டால் நமது கரையோரத்து வீடுகளில் உறக்கம் குறைகின்றது. மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை, தமிழர் வீடென்றும் முஸ்லிம்கள் வீடென்றும் பேதமில்லை. பெயர்பெற்ற பெரிய பாடசாலையில் எப்படியாவது ஓர் இடம் கிடைக்க வேண்டும் என்பதே எல்லோருடைய கவலையும். அரசாங்கச் சுற்றறிக்கைப்படி அனுமதியில் பெரும்பங்கு அண்மையில் வசிப்போருக்கே உரியது. அதன் விளைவு யாது? பிள்ளைக்கு அண்மையிலே பள்ளி தேடாமல், பள்ளிக்கு அண்மையிலே வீடு தேடுகின்றோம். வாடகை உறுதி எழுதுவோரும், உறவினர் வீட்டு முகவரியை இரவல் கேட்போரும் இத்தீவு முழுவதும் உண்டு. இதற்கிடையில், நம் வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரத்திலே ஓர் ஆரம்பப் பாடசாலை கதவைத் திறந்து வைத்துக் கொண்டு காத்திருக்கின்றது. முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது சும்மாவா?

பெற்றாரைக் குறைகூற நாம் இங்கே வரவில்லை. அவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் கேட்போம். கடலுக்குப் போகிறவரும், தறியில் இருக்கிறவரும், வயலில் நிற்கிறவரும் தம் பிள்ளைக்கு விட்டுச் செல்லக்கூடிய சொத்து கல்வி ஒன்றே. அந்தச் சொத்தைத் தேடித் தருவதில் தவறிவிடக் கூடாது என்ற அச்சம் நியாயமானதே. "பெரிய பள்ளியில் முதலாந் தரத்தில் சேர்த்துவிட்டால் உயர்தரம் வரையில் கவலையில்லை; சின்னப் பள்ளியில் சேர்த்தால் ஐந்தாந் தரத்தோடு மீண்டும் அலைய வேண்டும்" என்கின்றனர். உண்மைதான். "நாலு பேர் பிள்ளைகள் போகிற இடத்துக்கு நம் பிள்ளையும் போனால் என்ன?" என்கின்றனர். அதுவும் மனித இயல்பே. இவற்றை எல்லாம் ஒப்புக்கொண்ட பின்னரே நாம் மேலே பேசுகின்றோம்.

ஒரு பள்ளிக்கூடம் எவ்வாறு பெயர் இழக்கின்றது என்பதைச் சற்றுச் சிந்தியுங்கள். கற்பித்தல் கெட்டதனால் பிள்ளைகள் விலகுவதும் உண்டு. ஆயினும் பல இடங்களில் நடப்பது வேறு. முதலிலே வசதியுள்ள நாலு குடும்பங்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றி வெளியூருக்கு அனுப்புகின்றன. அயல் வீட்டார் அதைப் பார்த்து, "படித்தவர்களே அனுப்பவில்லை, ஏதோ குறை இருக்க வேண்டும்" என்று தாமும் பின்செல்கின்றனர். மாணவர் தொகை குறைகின்றது. நம் நாட்டில் ஆசிரியர் தொகையும், ஆண்டுதோறும் கிடைக்கும் பணமும் பெரும்பாலும் மாணவர் தொகையை வைத்தே கணக்கிடப்படுகின்றன. ஆகவே ஓர் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் அந்த இடத்துக்கு வேறொருவர் வருவது அருமையாகின்றது. அப்பொழுது, "பார்த்தீர்களா, ஆசிரியர் கூட இல்லை" என்று எஞ்சியோரும் போய் விடுகின்றனர். குறை இருக்கின்றதென்று நாம் விலகினோம். நாம் விலகியதனால் குறை உண்டாயிற்று. இறுதியில் அங்கே தங்கியிருப்பவர் யாவர்? வேனுக்குப் பணம் கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளைகளே. ஊரிலே மிகவும் வறியவருடைய பிள்ளைகளை, ஊரிலே மிகவும் கைவிடப்பட்ட பள்ளியில் விட்டுவிட்டு நாம் தேர் இழுக்கின்றோம்; கந்தூரி கொடுக்கின்றோம்.

இது நமது கரைக்கு மட்டும் உரிய நோயன்று. இலங்கையில் உள்ள பத்தாயிரத்தை அண்டிய அரசாங்கப் பாடசாலைகளில், அண்மைய ஆண்டுகளின் கணக்கெடுப்புகளின்படி, ஏறக்குறைய 1500 பாடசாலைகளில் பிள்ளைகளின் தொகை ஐம்பதோ அதற்குக் குறைவோதான். மறுபுறத்தே, நானூறை அண்டிய தேசியப் பாடசாலைகளின் வாயிலில் சனக்கூட்டம். இதனைக் கண்டே 2016ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு "அண்மையிலுள்ள பாடசாலையே சிறந்த பாடசாலை" என்ற வேலைத்திட்டத்தை ஆரம்பித்தது. பல பள்ளிகளுக்குக் கட்டிடமும் நீரும் கழிப்பறையும் கிடைத்தன. நல்ல காரியம். ஆயினும் கட்டிடத்தை அரசாங்கம் தரலாம். நம்பிக்கையை யார் தருவது? 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் கூரை இழந்த பள்ளிகளை இந்தக் கரை மக்கள் மீண்டும் எழுப்பினார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது, இத்தீவிலே பெருந்தொகையான உயிர்களைப் பறிகொடுத்தது நமது மாவட்டம். அதன் பின்னும் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். காற்றும் கடலும் மூட மாட்டாத பள்ளியை நமது அவநம்பிக்கை மூடிவிடலாமா?

அடுத்து, பள்ளிகளை நாம் அளக்கும் கோலைப் பற்றிச் சில சொற்கள். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறே அந்தக் கோல். இப்பரீட்சை எதற்காக வந்தது? கன்னங்கரா அவர்களுடைய காலத்தில், 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததை ஒட்டி, கிராமத்து வறிய பிள்ளைக்கு மத்திய மகாவித்தியாலயத்தின் வாயிலைத் திறந்து விடுவதற்காக வந்தது. இன்றோ, அது பெற்றாருடைய பரீட்சையாகிவிட்டது. ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுத, வெட்டுப்புள்ளியைத் தாண்டுவோர் ஐம்பதினாயிரத்தை ஒட்டியவரே. மற்றப் பிள்ளைகள் பத்து வயதிலே "தோற்றவர்" என்ற பெயரைச் சுமக்கின்றனர். பெரிய பள்ளியின் மதிலிலே தொங்கும் பெயர்ப்பட்டியலை வாசிக்கிறோம். அந்தப் பட்டியலில் இல்லாத பிள்ளைகள் அதே பள்ளியில் எத்தனை பேர் என்று கேட்கிறோமா? சித்தியடைந்தவருள்ளும் எத்தனை பேர் மாலை வகுப்பினாலும் வீட்டுத் துணையினாலும் சித்தியடைந்தார்கள் என்று கேட்கிறோமா? பெற்றார் படித்தவராக இருக்கும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பள்ளி நல்ல பெறுபேறு காட்டுவதில் வியப்பில்லை. எழுத்தறியாத வீட்டுப் பிள்ளையை எழுதவும் வாசிக்கவும் வைத்த பள்ளியின் பெருமையை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு வேண்டியது யாது? தன் பெயர் தெரிந்த ஆசிரியர். வாய்திறந்து பேச இடம். எழுத்துக்கூட்டத் தடுமாறினால் அருகிலே அமர்ந்து திருத்த ஒருவர். அமெரிக்காவிலே தென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில், சிறுவரைச் சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்து, சிலரை 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளிலும், சிலரை 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளிலும் வைத்தார்கள். சிறிய வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தினார்கள். வறிய வீட்டுப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் அதிக பயன் பெற்றார்கள். அங்கே பணம் செலவிட்டு உண்டாக்கிய சிறிய வகுப்பு, இங்கே நமது அடுத்த தெருவில் சும்மா இருக்கின்றது. பெரிய பள்ளியிலோ முப்பத்தைந்து நாற்பது பிள்ளைகளுள் நம் பிள்ளையும் ஒன்று. ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. வகுப்புச் சிறிதாய் இருந்தால் மட்டும் போதாது. அங்கே ஆசிரியர் வரவேண்டும். வந்து கற்பிக்கவும் வேண்டும்.

ஆதலால் "அயற்பள்ளியிலே கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள்" என்று நாம் சொல்லவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு போய்ப் பாருங்கள் என்றே சொல்கின்றோம். ஒரு நாட் காலையில் அதிபரிடம் அனுமதி பெற்று உள்ளே செல்லுங்கள். முதலாம் இரண்டாந் தரங்களுக்கு நிலையான ஆசிரியர் இருக்கின்றாரா, ஆரம்பக் கல்வியில் பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். மூன்றாந் தரப் பிள்ளை ஒன்றை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைகளின் கொப்பிகளில் ஆசிரியர் திருத்திய அடையாளம் இருக்கின்றதா என்று பாருங்கள். குடிநீரையும் கழிப்பறையையும் பாருங்கள். பிள்ளைகள் ஆசிரியரைக் கண்டு ஒளிக்கின்றனரா, ஓடி வருகின்றனரா என்று கவனியுங்கள். இதே கண்கொண்டு பெரிய பள்ளியையும் பாருங்கள். பார்த்த பின்பும் பெரிய பள்ளியே உங்கள் பிள்ளைக்கு ஏற்றது என்று தோன்றினால் தாராளமாக அனுப்புங்கள். பாராமல் பழிப்பதே பிழை.

நடந்து போகும் பள்ளியின் நன்மையையும் எண்ணுங்கள். விடியற்காலையில் அரைத்தூக்கத்தில் வேனுக்குள் திணிக்கப்படும் பிள்ளைக்கும், அவித்த கடலையோ பிட்டோ வயிறாரத் தின்றுவிட்டு அண்ணன் கையைப் பிடித்து நடக்கும் பிள்ளைக்கும் வேறுபாடு இல்லையா? வேனுக்குக் கொடுக்கும் பணம் மாதந்தோறும் மிஞ்சினால் எத்தனை கதைப்புத்தகம் வாங்கலாம்! தாய் ஒருத்தி ஐந்து நிமிடத்தில் சென்று ஆசிரியரோடு பேசிவரக்கூடிய பள்ளியில், பிள்ளையின் குறை மூன்றாம் மாதத்திலேயே தெரியவரும். மூன்றாம் ஆண்டில் அல்ல.

நமது ஊர்களின் பெரியோரை நினைவு கூர்வோம். 1892இல் காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் எங்கே எழுத்தறிந்தார்? தம் ஊரிலேதான். பின்னர் கல்முனை மெதடிஸ்த பாடசாலை. அதன்பின் மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த அடிகளுக்கு அரிச்சுவடி தந்தது கிராமம். அவரும் அதனை மறவாமல், கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை 1929இல் தொடக்கியதோடு, இராமகிருஷ்ண மிஷனின் கிராமப் பள்ளிகளையும் கண்போலக் காத்தார்.

அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களையும் இங்கே நினைக்க வேண்டும். முஸ்லிம் பிள்ளையாகிய அவர் யாழ்ப்பாணத்திலே வைத்தீசுவர வித்தியாலயத்திலும் இந்துக் கல்லூரியிலும் பயின்றவர். தம் வீட்டுக்கு அயலில் இருந்த பள்ளியில் படித்ததனால் அவருடைய சமயம் குறைந்ததா? இல்லை, அவருடைய தமிழ் வளர்ந்தது. 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தபோது, விபுலாநந்த அடிகளோடு நட்புப் பூண்டார். இங்குள்ள முஸ்லிம் பிள்ளைகளின் கல்விநிலை கண்டு மனம் வருந்தி, கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார். அந்த முயற்சியே 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக விரிந்தது. ஊர்ப் பள்ளியைக் குறைகூறி விலகிப் போகாமல், கூடிநின்று உயர்த்துவது எப்படி என்பதை இந்த மண்ணிலேயே இருவர் காட்டிச் சென்றுள்ளனர்.

இந்தியாவிலே கோத்தாரி ஆணைக்குழு 1966இல் அளித்த அறிக்கையில், ஓர் அயலிலுள்ள பிள்ளைகள் எல்லோரும், செல்வர் வறியர் என்ற பேதமின்றி, ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்று கூறியது. செல்வாக்குள்ளவர் பிள்ளையும் அங்கே இருந்தால்தான் அந்தப் பள்ளியின் குறையைக் கேட்க ஆள் இருக்கும் என்பது அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. தமிழ்நாட்டார் இதனை அருகமைப் பள்ளி என்பர். அங்கே அது முழுமையாக நிறைவேறவில்லை. சட்டத்தாலே மட்டும் ஆகாத காரியம் அது. அயலார் மனம் ஒத்தால் ஆகும்.

எனவே நாம் முன்வைக்கும் யோசனை இதுதான். தனி ஒரு தாய் துணிந்து தன் பிள்ளையை மட்டும் கொண்டுபோய்ச் சேர்ப்பது கடினம். ஒரு தெருவிலே பத்துக் குடும்பங்கள் கூடிப் பேசுங்கள். பத்துப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்தால் ஒரு வகுப்பு உண்டாகும். வகுப்பு உண்டானால் ஆசிரியரைக் கேட்க உரிமை உண்டாகும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் எல்லாப் பெற்றாரும் அங்கத்தவரே. கூட்டத்துக்குப் போங்கள், ஆசிரியர் வெற்றிடத்தைத் தீர்மானமாக எழுதி வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கள், பதில் வரும்வரை விடாதீர்கள். இளைஞர்களே! உங்களுக்கும் வேலை உண்டு. வாரத்தில் இரு மாலைகள் அந்தப் பள்ளி மண்டபத்தில் சிறுவருக்குக் கதை வாசித்துக் காட்டுங்கள். உடைந்த வாங்கைச் செப்பனிடுங்கள். நூறு புத்தகங்களோடு ஒரு சிறு நூல்நிலையம் அமையுங்கள். பக்கத்து முஸ்லிம் கிராமத்து வாலிபரையும் அழைத்து, அவர்கள் பள்ளிக்கும் நீங்கள் செல்லுங்கள். நோய் ஒன்றானால் மருந்தும் ஒன்றே.

தாய்மார்களே! பிள்ளை நம்முடையதுதான், பள்ளியும் நம்முடையதே. அடுத்த விண்ணப்பப் படிவத்தை நிரப்புமுன், ஒரே ஒரு காலைப்பொழுதை அந்த அயற்பள்ளிக்குக் கொடுங்கள். வாசலில் நின்று பாராமல், உள்ளே சென்று பாருங்கள். மல்லிகை மணக்கின்றதா இல்லையா என்பதை முகர்ந்து பார்த்தவரே சொல்ல வேண்டும்.