கட்டி கரைந்தால் போதுமா? கிழங்கையும் பார்க்க வேண்டும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் உடல்நல விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ஸ்கேனில் கட்டி கரைந்துவிட்டது என்கிறார்கள். இனி எதற்கு ஊசி, மாத்திரை?" புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கும் வீடுகளில் இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இன்று அதற்குப் பதில் தேடுவோம்.

வில்லியனூர், பாகூர் பக்கம் வயல் வைத்திருப்பவர்களுக்குக் கோரையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேலே அறுத்துவிட்டால் வயல் சுத்தமாகத் தெரியும். மண்ணுக்குள் கிழங்கு கிடந்தால் சில நாளில் மறுபடி தலைகாட்டும். புற்றுநோயிலும் கிழங்கு போன்ற செல்கள் உண்டு. அவற்றைப் புற்றுநோய் ஸ்டெம் செல்கள் என்கிறார்கள், தமிழில் குருத்தணுக்கள்.

1994-இல் கனடாவின் டொரோண்டோவில் ஜான் டிக் குழுவினர், ரத்தப் புற்றுநோயாளிகளின் செல்களை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். ஏறத்தாழ 2,50,000 செல்களில் ஒன்றுக்குத்தான் நோயைப் புதிதாகத் தொடங்கும் சக்தி இருந்தது. 2003-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் மார்பகப் புற்றிலும், 2005-இல் புனே தேசிய செல் அறிவியல் மையத்தில் ஷர்மிளா பாபட் குழுவினர் சினைப்பைப் புற்றிலும் இத்தகைய செல்களைக் கண்டார்கள்.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். குருத்தணுக்களில் பல பெருகாமல் உறங்கிக் கிடக்கும். உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும் வசதியும் அவற்றுக்கு உண்டு. அதனால் சில தப்பிவிடும். எண்ணிக்கையில் சொற்பம் என்பதால் ஸ்கேனில் தெரியாது. உறங்கும் செல் விழித்துப் பெருகத் தொடங்கும்போது அடுத்த தவணை அதைப் பிடிக்கக்கூடும். தவணை தவணையாக மருந்து கொடுப்பதற்கும், அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் சேர்ப்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

ரத்தப் புற்றுநோயில் இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது, நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுக்கான இமாட்டினிப் மாத்திரை. 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2013 ஏப்ரல் 1 அன்று நம் உச்ச நீதிமன்றம் இதற்கான காப்புரிமை கோரிக்கையை நிராகரித்ததால், இந்தியாவில் குறைந்த விலையில் தொடர்ந்து கிடைக்கிறது. நோயைக் கட்டுக்குள் வைக்கும் மாத்திரை இது. ஆனால் எலும்பு மஜ்ஜையில் உள்ள குருத்தணுக்களை முழுதாக அழிப்பதில்லை. பிரான்சில், இரண்டாண்டுக்கு மேல் சோதனையில் நோயே தென்படாத 100 பேருக்கு, மருத்துவர் கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்பியது. பெரும்பாலும் முதல் ஆறு மாதத்திலேயே.

இரண்டாவது, நம் பக்கத்து வேலூர். அக்யூட் புரோமைலோசைட்டிக் என்ற ரத்தப் புற்றுக்கு, 1998 முதல் 2004 வரை சி.எம்.சி. மருத்துவமனையில் 72 பேருக்கு ஆர்செனிக் டிரையாக்சைடை முதன்மை மருந்தாகக் கொடுத்தார்கள். சுமார் 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது திரும்பவில்லை. இந்த மருந்து, நோய்க்கு மூலமான புரதத்தையே சிதைக்கிறது. கிழங்கோடு பிடுங்குவது போல. நம் ஊரில் பாஷாணம் என்கிறோமே, அதே பொருள்தான். அளவறிந்த மருத்துவர் கையில் மருந்து. மற்றவர் கையில் விஷம். யாரும் கைவைத்தியமாக முயல வேண்டாம்.

மார்பகம், நுரையீரல், குடல் கட்டிகளில் குருத்தணுக்களைக் குறிவைக்கும் மருந்துகள் இன்னும் பெரும்பாலும் ஆய்வு நிலையில்தான் உள்ளன. காரணம், குடலையும் ரத்தத்தையும் புதுப்பிக்கும் நல்ல குருத்தணுக்களும் அதே வழிமுறைகளால்தான் இயங்குகின்றன. களைக்கு அடிக்கும் மருந்து பயிரையும் கருக்கிவிடும். தவிர, சாதாரணப் புற்றுச் செல்லே சில சமயம் குருத்தணுவாக மாறிக்கொள்ளும்.

இந்த இடத்தில்தான் நீங்கள் ஏமாறக் கூடாது. "ஸ்டெம் செல் சிகிச்சையால் புற்றுநோய் குணமாகும்" என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரம் வேறு. நான் இவ்வளவு நேரம் சொன்னது வேறு. ரத்த நோய்களுக்குச் செய்யும் ரத்தக் குருத்தணு மாற்றுச் சிகிச்சை மட்டுமே ஏற்கப்பட்டது. மற்றவை முறையான ஆய்வுக்குள்தான் நடக்க வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல். ஆய்வு என்று சொல்லி லட்சக்கணக்கில் பணம் கேட்டால், விலகிவிடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை மூன்று. கட்டி கரைந்தாலும் மருத்துவர் சொன்ன தவணைகளை முடியுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பக்கவிளைவு தாங்கவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்ற வழி உண்டு. மறுபரிசோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள். கோரிமேட்டு ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையமே இருக்கிறது. நமக்கு அது தொலைவும் இல்லை. துணைக்கு ஆள் இல்லாமல் மறுபரிசோதனைக்குப் போகாமல் இருப்பவர் உங்கள் மாடியில் இருந்தால், ஒருநாள் நீங்கள் கூடப் போய் வாருங்கள். அதுவும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.